கூடு நின்றது, குரல் எரிந்தது!

ஒரு தொழிலை மக்கள் மதிக்க வேண்டுமாயின் அத்தொழில் நடக்கும் பட்டறையின் கதவு திறந்திருத்தல் வேண்டும். திகிரி சுழல்வதைக் கண்டவனே பானையின் அருமையை அறிவான். தறியின் ஓசையைக் கேட்டவனே ஆடையின் விலையை ஒத்துக்கொள்வான். திரைப்படமும் ஒரு தொழிலே. அதற்கும் பட்டறை உண்டு, உழைப்பாளர் உண்டு, கருவியும் கைத்திறனும் உண்டு. ஆனால், அப்பட்டறையின் கதவை எவ்வளவு திறப்பது, உள்ளே எதைக் காட்டுவது, எதைக் காப்பது என்னும் வினாக்களுக்கு உலகம் இன்னும் நேரான விடை கண்டதில்லை.

இவ்வினாக்கள் நமக்கு எதற்கு என்று அன்பர்கள் எண்ணிவிடலாகாது. சென்னையை அடுத்த பூந்தமல்லியில் ஏறத்தாழ 500 கோடி உருபா அளவில் புதிய திரைப்பட நகர் ஒன்று அமைக்கப்படும் என்று 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அறிவித்தது. அத்தகைய நகர் எழும்போது, அதனுள் காட்சிக்கூடமும் கேளிக்கையரங்கும் வேண்டும் என்னும் குரலும் எழாமற் போகாது. எனவே, இத்துறையில் உலகுக்கே முன்னோடியாகிய ஒரு பூங்காவின் வரலாற்றைத் தமிழர் அறிந்துகொள்ளுதல் நன்று. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், இலாசு ஏஞ்சல்சு நகரை ஒட்டியிருக்கும் யூனிவர்சல் திரைப்பட நகரே அது. அதன் பெருமையும் உண்டு. அதன் பிழையும் உண்டு. இரண்டும் நமக்குப் பாடமே.

கால் தாலருக்கு ஒரு பள்ளிக்கூடம்

செருமனியிற் பிறந்து, 1884இல் தம் 17ஆம் அகவையில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் கார்ல் இலாம்லே. துணிக்கடையில் வேலை பார்த்துப் பின்னர்ச் சிக்காகோவில் சிறு படக்கொட்டகை நடத்தியவர். 1912இல் யூனிவர்சல் நிறுவனம் உருவாவதற்கு முன்னின்றவருள் முதல்வர். அவர் கோழிப்பண்ணை இருந்த ஏறத்தாழ 230 ஏக்கர் நிலத்தை வாங்கி, படம் பிடிப்பதற்கென்றே ஒரு நகரை எழுப்பி, 1915ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் திறந்துவைத்தார்.

திறந்தவர் கதவை மீண்டும் மூடவில்லை. 25 செண்டு, அஃதாவது கால் தாலர், கொடுத்தவர் எவராயினும் உள்ளே வந்து, படிவரிசை இருக்கைகளில் அமர்ந்து, படம் பிடிப்பதை நேரிலே காணலாம் என்றார். அது ஊமைப்படக் காலம். படக்கருவிக்குக் கண் உண்டு, காது இல்லை. ஆதலால், பார்க்க வந்தோர் கைதட்டினாலும், கதைத்தலைவனை வாழ்த்தினாலும், கயவனைப் பழித்துக் கூவினாலும் படத்துக்கு ஒரு கேடும் இல்லை. உழவனும் தொழிலாளியும் ஒரு படம் எவ்வாறு உருவாகிறது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டனர். கால் தாலருக்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

பின்னர்ப் படம் பேசத் தொடங்கிற்று. ஒலி பதியும் அரங்கில் ஒருவர் இருமினாலும் அது படத்தில் ஏறிவிடும். எனவே, மக்களுக்குத் திறந்திருந்த கதவு மூடப்பட்டது. படம் வாய் திறந்தபோது பார்த்தவர் வாய் அடைக்கப்பட்டது மட்டுமன்று. அவர் கண்ணும் மறைக்கப்பட்டது. அக்கதவு மீண்டும் முறையாகத் திறக்க ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

பொய்யைப் பொய்யென்று காட்டிய காலம்

1964ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள், இணைத்த பெட்டிகளையுடைய சுற்றுலா வண்டிகள் அந்நகரினுள் மக்களை ஏற்றிச் செல்லத் தொடங்கின. நடிகரின் ஒப்பனையறை, படத்துக்கென எழுப்பிய தெருக்கள், உயரத்திலிருந்து விழுந்தெழும் சண்டைக் கலைஞரின் பயிற்சி ஆகியவை காட்டப்பெற்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் காட்சிகள் பெருகின. 1968இல், வறண்ட தெருவில் ஏறத்தாழ 10,000 கேலன் நீர் சீறிப் பாய்ந்து, வண்டியை நனைப்பதுபோல் வந்து, அடுத்த வண்டிக்காக மீண்டும் தொட்டிக்கே ஏறிற்று. 1973இல், ஏரியின் நீர் இரண்டாகப் பிளந்து வழிவிட, வண்டி நடுவே சென்றது.

1960இல் வெளிவந்த இட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் வரும் அச்சமூட்டும் பழைய வீடும் அங்கே காட்சிப்பொருள் ஆயிற்று. படத்தில் அதனைக் கண்டு நடுங்கியவர் நேரில் கண்டு அறிந்தது என்ன? அப்படத்துக்கென முதலில் எழுப்பியது முழு வீடன்று. முகப்பும் ஒரு பக்கமுமே! படக்கருவி எங்கிருந்து நோக்குமோ அங்கிருந்து தெரியும் அளவுக்குத்தான் சுவர். மற்ற இரு பக்கமும் வெற்றிடம். எத்தனை நூல் படித்தாலும் விளங்காத ஒரு கலையுண்மை அங்கே ஒரு நொடியில் விளங்கிற்று. பார்ப்பவன் கண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் திரைப்படத்தின் மெய் நிற்கிறது.

சுறாவின் செய்தி இன்னும் சிறப்புடையது. 1975இல் இசுட்டீவன் இசுபீல்பெர்க்கு இயக்கிய 'சாசு' என்னும் படத்துக்கெனச் சுறா எந்திரங்களைச் செய்தனர். உவர்நீரில் அவை அடிக்கடி பழுதுபட்டன. வேறு வழியின்றி இயக்குநர் சுறாவைக் காட்டாமலே சுறாவை உணர்த்த முனைந்தார். நீரின் மேல் இழுபட்டுச் செல்லும் உருளைகளையும், நீருக்கடியிலிருந்து நோக்கும் பார்வையையும், சான் வில்லியம்சின் இசையையும் கொண்டே அச்சத்தை வளர்த்தார். கருவி தோற்ற இடத்தில் கலை வென்றது. மறு ஆண்டிலேயே அப்பூங்காவின் ஏரியில் ஒரு பொறிச்சுறா வாய் பிளந்து எழத் தொடங்கிற்று. வண்டியில் இருந்தவர் எல்லாருக்கும் அது பொறியென்று தெரியும், ஆயினும் அலறினர், அலறிவிட்டுச் சிரித்தனர்.

இங்கே நிறுத்தி எண்ணுங்கள். "எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டிவிட்டால் மக்களுக்குச் சுவை போய்விடும்" என்பது மறைத்து வைப்போர் எப்போதும் கூறும் சாக்கு. அச்சாக்கு பொய் என்பதற்கு அந்த அலறலே சான்று. நம் ஊர்த் தோற்பாவைக் கூத்தில், திரைக்குப் பின்னே ஓடிப்போய்ப் பாவையையும் விளக்கையும் ஆட்டுவிப்பவர் விரல்களையும் பார்த்துவிட்டு வந்த சிறுவன், மீண்டும் முன்னே அமர்ந்து முன்னிலும் மிகுதியாய் மகிழவில்லையா? அறிவு சுவைக்குப் பகையன்று. அறியாமையால் மட்டுமே வாழும் சுவை, சுவையும் அன்று.

1989இல் தொடங்கிய நிலநடுக்கக் காட்சி அவ்வழியின் உச்சி எனலாம். நிலத்தடித் தொடர்வண்டி நிலையம்போல் அமைத்த அரங்கினுள் சுற்றுலா வண்டி நுழையும். 8.3 அளவு நிலநடுக்கத்தைப் போலத் தரை குலுங்கும். கூரை பிளந்து எரிநெய் ஊர்தி சரியும். தீ எழும், வெள்ளம் பாயும். சற்று நேரத்தில் எல்லாம் தாமே பழைய நிலைக்குத் திரும்பும். பிளந்த கூரை மூடுவதையும், சரிந்த ஊர்தி ஏறி நிற்பதையும் வண்டியிலிருந்தோர் கண்டனர். அழிவைக் கண்டதினும் அழிவு தன்னைத்தானே மீட்டுக்கொள்வதைக் கண்டதே அவர்தம் பேறு. அதுதான் பொறியாளன் புகழ்.

உடலால் செய்த கலை

1995ஆம் ஆண்டு 'நீருலகு' என்னும் பொருளமைந்த பெயருடைய ஒரு படம் வெளிவந்தது. அதுநாள்வரை எடுத்த படங்களுள் மிகுந்த செலவில் எடுக்கப்பட்டது என்று பேசப்பட்டது அது, ஏறத்தாழ 17.5 கோடி தாலர். போட்ட செலவுக்கேற்ற வரவேற்பை அமெரிக்கத் திரையரங்குகளில் அது பெறவில்லை. ஆனால், அதே ஆண்டில் அப்படத்தை ஒட்டி அப்பூங்காவில் தொடங்கிய நேர்காட்சியோ 30 ஆண்டு கடந்தும் நடந்து வருகிறது. படத்தை மறந்தவரும் அதனைக் காணச் செல்கின்றனர்.

காரணம் என்ன? அங்கே நிழல் இல்லை, ஆள் உண்டு. நீரைச் சூழ்ந்த திறந்த அரங்கில் சண்டைக் கலைஞர்கள் விரைபடகில் பாய்கின்றனர். உயர்ந்த கோபுரத்திலிருந்து தீப்பற்றிய உடையுடன் நீரில் விழுகின்றனர். இறுதியில் ஒரு வானூர்தி சுவரைத் தாண்டி வந்து நீரின்மேல் விழுகிறது. முன்வரிசையினர் தெப்பமாய் நனைகின்றனர். திரையிலே பெயர் தெரியாமல், முகம் தெரியாமல், மற்றவர்க்காக அடிபடும் தொழிலாளர் இங்கே தம் முகத்தோடு நின்று கைதட்டு வாங்குகின்றனர். ஒரு திரைப்படப் பூங்கா செய்யத்தக்க அறம் இதனினும் பெரிதாக வேறொன்று இல்லை.

திரைக்குள் ஒரு திரை

இனி, கோடு திரும்பிய இடத்தைக் காண்போம். 1986இல் அப்பூங்காவில் கிங்காங்கு என்னும் பெருங்குரங்கின் பொறியுரு நிறுவப்பட்டது. உயரம் ஏறத்தாழ 30 அடி. சுற்றுலா வண்டி தொங்குபாலத்தின் மேல் செல்லும்போது அது கண்ணுருட்டும், கையசைக்கும், வண்டிக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுவந்து உறுமும். அதன் மூச்சில் வாழைப்பழ மணம் வீசும்படியும் செய்திருந்தனர்! இரும்பும் தோலும் மயிரும் எண்ணற்ற மூட்டுகளும் கொண்ட அவ்வுருவைச் செய்ய எத்தனை கைகள் உழைத்திருக்கும் என்பது காண்பவனுக்குத் தானே தோன்றும்.

அக்குரங்கு 2008இல் எரிந்தது. எரிந்த வகையைப் பின்னர்க் கூறுவேன். 2010இல் அது திரும்பி வந்தது, ஆனால், பொறியாக வரவில்லை, படமாக வந்தது. பீட்டர் சாக்சன் என்னும் இயக்குநரின் துணையோடு, இருபுறமும் வளைந்த பெருந்திரைகளை அமைத்த சுரங்கம் ஒன்று கட்டினர். பருமையும் ஆழமும் தோன்றச் செய்யும் தனிக்கண்ணாடியை அணிந்து, இருளில், குலுங்கும் வண்டியில் அமர்ந்து, கணினி வரைந்த குரங்கைக் காண்பதே இப்போதைய காட்சி. 2015இல் வந்த விரைவுந்துக் காட்சியும் திரைகளை நம்பியதே.

இக்காட்சிகளில் திறமை இல்லை என்று யான் கூறவில்லை. கணினியில் ஒரு மயிரிழையை அசைப்பதற்கும் உழைப்பு வேண்டும். ஆனால், அவ்வுழைப்பு காண்பவனுக்குத் தெரிவதில்லை. முன்னே அவன் பட்டறைக்குள் சென்றான். இப்போது படத்துக்குள் தள்ளப்படுகிறான். முன்னே 'இதனை எப்படிச் செய்தனர்?' என்று வினவினான். இப்போது 'அடுத்தது என்ன?' என்று மட்டுமே வினவுகிறான். படம் எடுக்கும் இடத்துக்கே வந்தும் மற்றொரு படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான் என்றால், அவன் வந்ததனால் என்ன பயன்?

இதில் மொழியைப் பற்றிய செய்தியும் ஒன்று உண்டு. மக்கள் கண்முன்னே நடக்கும் தொழிலுக்கு மக்கள் பெயரிடுவர். ஏரின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் உண்டு, தறிக்கும் அவ்வாறே, தோணிக்கும் அவ்வாறே. அறைக்குள் மூடிச் செய்யும் தொழிலுக்கோ பெயர் வெளியிலிருந்துதான் வரும். தமிழ்த் திரைத்தொழில் ஒரு காலத்தில் 'டைரக்சன்', 'எடிட்டிங்' என்றே பேசிற்று. 'இயக்குநர்', 'ஒளிப்பதிவு', 'படத்தொகுப்பு', 'படப்பிடிப்பு', 'திரைக்கதை' ஆகிய சொற்கள் திரையிலும் இதழ்களிலும் இடையறாது எழுதப்பட்டமையால்தான் இன்று நம் வாயில் உலவுகின்றன. காட்டினால் சொல் பிறக்கும். எழுதினால் சொல் வளரும். மறைத்தால் பிறமொழியே குடியேறும்.

எரிந்தது எது?

2008ஆம் ஆண்டு சூன் 1ஆம் நாள் விடியற்காலை. அத்திரைப்பட நகரில் நியூயார்க்குத் தெருபோல் எழுப்பிய முகப்புகளின் கூரையைச் சூட்டுக்கருவி கொண்டு செப்பனிட்ட பணியாளர் வேலையை முடித்துச் சென்றபின், அங்கே தீப்பற்றிற்று. மரமும் மென்பலகையுமாகிய போலித் தெரு. தீக்கு வேறென்ன வேண்டும்? தெருக்கள் எரிந்தன. கிங்காங்கு எரிந்தது. அருகே இருந்த காப்பறை ஒன்றும் எரிந்தது.

பூங்கா மறுநாளே மக்களுக்குத் திறக்கப்பட்டது. எரிந்தவை போலித் தெருக்கள், ஒரு குரங்குப் பொறி, வேறிடத்தில் படிகள் உள்ள படச்சுருள்கள் என்றே அந்நாளில் உலகம் நம்பிற்று. தெருக்களை 2010க்குள் மீண்டும் கட்டினர். குரங்கும் அவ்வாண்டே வந்தது. கதை முடிந்தது என்றே எல்லாரும் எண்ணினர்.

பதினோர் ஆண்டு கழிந்து, 2019இல், 'நியூயார்க்கு டைம்சு' நாளிதழின் இணைப்பிதழ் ஒரு நெடுங்கட்டுரை வெளியிட்டது. அக்காப்பறையில் இருந்தவை படச்சுருள்கள் மட்டுமல்ல. யூனிவர்சல் இசை நிறுவனம் குடிக்கூலிக்கு வைத்திருந்த ஒலிநாடாக்களும் அங்கே இருந்தன என்பது அப்போது ஊரறியத் தெரியவந்தது. அவை கடையில் விற்கும் படிகள் அல்ல, தாய்ப்படிகள். பாடகர் வாய் திறந்து பாடியபோது நேரே பதிந்த முதல் நாடாக்கள். பின்னர் வரும் படிகள் எல்லாம் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. அவ்விதழ் சுட்டிய பெயர்களுள் இலூயி ஆம்சுட்ராங்கு, எல்லா பிட்சுசெரால்டு, பில்லி ஆலிடே, சக் பெரி ஆகியோரும் உண்டு. இவர்கள் அமெரிக்கக் கருப்பின மக்களின் இசைக்கு உலகெங்கும் பெயர் தேடித் தந்தவர்கள். ஏறத்தாழ 5 இலக்கம் பாடல்கள் என்று அந்நிறுவனத்தின் உட்குறிப்பு ஒன்று மதிப்பிட்டிருந்ததாக அவ்விதழ் எழுதிற்று. இழப்பின் அளவு அத்துணைப் பெரிதன்று என்று நிறுவனம் மறுத்தது. அளவில் பூசல் இருக்கலாம். தாய்ப்படிகள் எரிந்தன என்பதில் பூசல் இல்லை.

அப்பாடல்களை இன்றும் கேட்கலாமே என்பார் உளர். கேட்கலாம், படியிலிருந்து எடுத்த படியை. ஓலைச்சுவடி எரிந்தபின் கையிலிருக்கும் பெயர்த்தெழுதிய ஏட்டைப் போன்றது அது. ஏட்டில் ஒரு பிழை இருப்பின் ஒப்பிட்டுத் திருத்த இனி எங்கே செல்வது? வெளிவராமலே பெட்டியில் இருந்த பாடலுக்கோ படியும் இல்லை. சுவடிகளைக் கரையானுக்கும் ஆற்றுக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றை ஊரூராய்த் தேடி அலைந்த இனத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரே தீயில் ஒரு பொய்க்குரங்கும் மெய்க்குரலும் எரிந்தன. பொய்க்குரங்கை இரண்டே ஆண்டில் மீட்டனர். அதற்கு வருமானம் உண்டு. மெய்க்குரலை மீட்க எவராலும் இயலாது. அது போனதென்று சொல்வதற்கே பதினோர் ஆண்டு ஆயிற்று. கூடு நின்றது, குரல் எரிந்தது. செல்வம் மிக்க நாட்டிலேயே, அறிவியல் ஓங்கிய நாட்டிலேயே, இது நடந்தது என்பதுதான் நம்மை நடுங்கச் செய்ய வேண்டும். பொருளில்லாமல் அழியவில்லை, பொருட்படுத்தாமல் அழிந்தது.

சப்பானியர் காட்டிய வழி

அப்பூங்காவின் கிளைகள் பல நாடுகளில் உள்ளன. சப்பானின் ஒசாகா நகரில் 2001இல் ஒன்று திறக்கப்பட்டது. நான் மேலே கூறிய நீருலகுக் காட்சி அங்கும் நடக்கிறது. அதே படகு, அதே கோபுரம், அதே வானூர்தி. ஆனால், கலைஞர்கள் பேசுவது சப்பானிய மொழி. அமெரிக்கக் கதைதானே, ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. தம் குழந்தை சிரிக்க வேண்டிய இடத்தில் தம் மொழியால் சிரிக்க வேண்டும் என்று கருதினர். பொறியை வெளிநாட்டினின்று பெற்றனர். மொழியைத் தம் வீட்டிலிருந்து கொடுத்தனர். அதனால் அப்பூங்காவுக்குக் கூட்டம் குறைந்ததா? இல்லை, உலகில் மக்கள் மிகுதியாய்ச் செல்லும் பூங்காக்களுள் அதுவும் ஒன்றாய் விளங்குகிறது.

தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாய் இருக்கும் சிங்கப்பூரிலும் 2010இல் ஒரு கிளை திறக்கப்பட்டது. அங்கே அக்காட்சியின் மொழி ஆங்கிலம். பல இனத்தவர் கலந்து வாழும் சிறு நாட்டில் அதற்கொரு காரணம் கூறலாம். தமிழரே பெரும்பான்மையாய் வாழும் தமிழ்நாட்டில் அக்காரணத்தைக் கூற எவருக்கும் வாயில்லை.

நம் வீட்டுக் கணக்கு

அயலார் பிழையை அளந்த கோலால் நம்மையும் அளப்போம். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்த 'காளிதாசு' முதல் தமிழ்ப் பேசும்படம் எனப்படுகிறது. அதில் தெலுங்கும் கலந்திருந்தது என்பது வேறு செய்தி. அப்படத்தை இன்று காண முடியுமா? முடியாது, ஒரு படியும் எஞ்சவில்லை. அச்சில் வந்த செய்திகளையும் விளம்பரங்களையும் வைத்தே அதனைப் பற்றிப் பேசுகிறோம். அதற்கும் முன்னே, சென்னையில் நடராச முதலியார் எடுத்த 'கீசகவதம்' என்னும் ஊமைப்படம், தென்னாட்டின் முதற்கதைப்படம், அதுவும் இல்லை. பழஞ்சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பதற்காகப் படங்களையே அழித்த கொடுமையும் இந்நாட்டில் நடந்தது. அமெரிக்காவில் தீ செய்ததை இங்கே நம் கைகளே செய்தன.

சேலத்தில் தி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சு நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஈன்ற பெரும்பட்டறை. இன்று ஏற்காட்டுச் சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. 1948இல் 'சந்திரலேகா' படத்தின் முரசு நடனத்தால் இந்நாட்டையே வியக்கவைத்த செமினி படப்பிடிப்பு நிலையம் சென்னையில் இன்று இல்லை. அண்ணா மேம்பாலத்தைச் செமினி மேம்பாலம் என்று அழைக்கும் மக்கள் நாவில் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. இங்கும் கூடுதான் நின்றது. 2023இல் வடபழனியில் ஏவிஎம் நிறுவனம் தன் பழைய படக்கருவிகளையும் ஊர்திகளையும் திரட்டிக் காட்சியகமாகத் திறந்தது, அது பாராட்டுக்குரியது. ஆனால், ஒரு குடும்பத்தின் நல்லெண்ணத்தால் ஓர் இனத்தின் நினைவு முழுதும் காக்கப்பட்டுவிடாது. அது அரசின் கடமை, மக்களின் உரிமை.

பூந்தமல்லிக்கு மூன்று வேண்டுகைகள்

எனவே, எழவிருக்கும் திரைப்பட நகரைப் பற்றி இப்போதே, சுவர் எழுமுன்னரே, மூன்று வேண்டுகைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, தாய்ப்படிக் காப்பகம். முதற்கேளிக்கையரங்கு திறக்குமுன் அதன் கதவு திறக்க வேண்டும். எஞ்சியுள்ள தமிழ்ப்படச் சுருள்கள், பாடல் நாடாக்கள், கைப்பட எழுதிய உரையாடல் ஏடுகள் ஆகியவற்றைக் குளிரும் ஈரமும் அளவாய்க் காக்கும் அறையில் வைக்க வேண்டும். மரமுகப்புகளுக்கு நடுவே காப்பறை வைத்ததன் பயனை 2008 காட்டிவிட்டது. ஆதலால், காப்பகம் காட்சிக்கூடங்களிலிருந்து விலகி நிற்றல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேற்றூரில் மற்றொரு படி இருத்தல் வேண்டும். உள்ளது எது, இழந்தது எது என்னும் பட்டியலை ஆண்டுதோறும் மக்களுக்கு வெளியிடல் வேண்டும். இழப்பை மறைப்பது இரண்டாம் முறை எரிப்பதாகும்.

இரண்டாவது, செய்முறைக் காட்சி. திரையில் ஓடும் குரங்கை எந்த நாட்டிலும் காணலாம். தமிழ்ப்படம் எவ்வாறு உருவாகிறது என்பதைத் தமிழ்நாட்டில்தான் காண முடியும். சண்டைக் கலைஞர் விழும் கலையையும், ஒப்பனையாளர் முகம் மாற்றுவதையும், தேங்காய்ச் சிரட்டையால் குதிரைக் குளம்பொலியை எழுப்பும் ஒலிக்கலைஞர் கைத்திறனையும், படத்தொகுப்பாளர் வெட்டும் இடத்தில் கதை எவ்வாறு மாறுகிறது என்பதையும் கண்முன்னே காட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவ்வாயில் கட்டணமின்றித் திறக்கட்டும். 1915இல் கால் தாலருக்கு இலாம்லே காட்டியதை, ஓர் அரசு ஒன்றும் பெறாமலே காட்ட இயலாதா?

மூன்றாவது, தமிழ். அறிவிப்புப் பலகையிலும், வழிகாட்டியின் வாயிலும், ஒவ்வொரு கருவியின் கீழே எழுதும் பெயரிலும் தமிழே முதலில் நிற்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோர்க்குத் துணைமொழி இருக்கட்டும், தடையில்லை. ஆனால், பெயரில்லாத புதுக்கருவிக்குப் பெயர் சூட்டும் பொறுப்பைத் தமிழறிஞரும் அக்கருவியைக் கையாளும் தொழிலாளரும் ஒன்றாய் அமர்ந்து ஏற்க வேண்டும். அறிஞர் மட்டும் ஆக்கிய சொல் ஏட்டில் உறங்கும். தொழிலாளர் நாவேறிய சொல்லே ஊரில் உலவும்.

"இது கேளிக்கைக்குரிய இடம், இங்கே காப்பகமும் கல்வியும் மொழியும் எதற்கு? வருவோர் பொழுதுபோக்கத்தானே வருகின்றனர்?" என்று வணிகர் கேட்பர். நீருலகுக் காட்சி படத்தைத் தாண்டி 30 ஆண்டு வாழ்ந்தது பொழுதுபோக்கினாலா, அல்லது மாந்த உழைப்பை மறைக்காமல் காட்டியதனாலா? ஒசாகாவில் கூட்டம் நிறைவது மொழியை விட்டதனாலா, கொடுத்ததனாலா? வணிகக் கணக்கின்படி பார்த்தாலும் மெய்யே நெடுங்காலம் விலைபோகிறது.

தமிழன்பர்களே! இச்செய்தியை அரசு பார்த்துக்கொள்ளும் என்று வாளா இருத்தல் கூடாது. உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் பழைய படக்கொட்டகையின் பரணில், காலமான ஒரு படமுதலாளியின் வீட்டுப் பெட்டியில், ஒரு பாடலாசிரியரின் மரபினர் கையில், இன்றும் ஒரு சுருளோ ஓர் ஏடோ இருக்கக்கூடும். அது குப்பைக்குச் செல்லுமுன் கேட்டு வாங்குங்கள், உரியாரிடம் சேருங்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு இம்மூன்று வேண்டுகைகளையும் மடலாய் எழுதுங்கள். முகப்புக் கட்டுவது எளிது. எரிந்தாலும் இரண்டாண்டில் மீண்டும் கட்டிவிடலாம். குரல் ஒரே ஒருமுறைதான் பதிகிறது. முகப்புக்கு முன்னே குரலைக் காக்கும் நாடு எதுவோ, அதுவே கலையறிந்த நாடு. அந்நாடு தமிழ்நாடாகட்டும்!